பக்கத்து அறையில் நடந்த அல்ஜீப்ரா

சூளகிரி கம்பெனியில் வேலை கிடைத்து, ஓசூருக்கு நானும் மகளும் மட்டும் வந்தோம். பாதி வருடத்தில் சேர்ந்தாள் என்று, பரீட்சைகூட வைக்காமல் பள்ளியில் அவளைப் பத்தாம் வகுப்பு மெல்லக் கற்போர் பிரிவில் தள்ளிவிட்டார்கள். விசாரிக்க இந்த ஊரில் எனக்கு ஒரு ஆள் கிடையாது. மார்க் நன்றாக வந்ததால் சும்மா இருந்துவிட்டேன்.

ஒருநாள் அவளே, “கிராஃபும் ஜியாமெட்ரியும் மட்டுந்தாம்மா எங்களுக்கு, டெஸ்ட்டும் அதுலதான். அல்ஜீப்ரா பக்கத்து ரூம்ல நடக்குது. சுவத்தோரமா உக்காந்து கேட்டுக்குவேன்” என்றாள்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன்.

“அந்த ரெண்டுலயே பாஸாயிடுவா, போதாதாம்மா?” என்றார் கணக்கு சார்.

“போதும்னு சொல்ல நீங்க யாரு சார்? பரீட்சை வைங்க!” என்று கத்தினேன். வைத்தார்கள், தேறினாள், பக்கத்து அறைக்கு மாற்றினார்கள்.

இப்போது நான் மார்க்கைக் கேட்பதில்லை. ஷிப்ட் முடிந்து வந்ததும் என்ன நடத்தினார்கள் என்றுதான் கேட்கிறேன். வீட்டில் கேட்க நான் ஒருத்தி, சொல்ல அவள் ஒருத்தி.