தலைகீழாகப் பிடித்த புத்தகம்

சேலையூர் மெட்டில்டாவின் மகள் பிளஸ்ஸி ப்ளஸ் டூ படிக்கிறாள். பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து படிக்கும் படத்தைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் போட வேண்டும் என்பது பள்ளியின் கட்டளை. பிள்ளை படிக்கிறதா, போஸ் கொடுக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை.

அன்றும் மெட்டில்டா படத்தைப் போட்டாள். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. வகுப்பு டீச்சர் 'சூப்பர்' என்று எழுதினார். பெருமையோடு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. மகள் கையில் புத்தகம் தலைகீழாக இருந்தது.

அறைக்கு ஓடினாள். பிளஸ்ஸி உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும், "படிக்கிறேன் மம்மி!" என்று பதறி எழுந்தாள்.

"ஒண்ணும் படிக்க வேணாம். படுத்துத் தூங்குடி கண்ணு."

"ஸ்கூல்ல கேட்டா என்ன சொல்லுவ?" என்றார் கணவர் எட்மண்ட்.

"எனக்கு வாய் இல்லையா?"

விளக்கை அணைக்கும் முன், போர்வைக்குள் சுருண்ட மகளைப் படமெடுத்துக் குழுவில் போட்டாள். "என்ன மேடம் இது?" என்று டீச்சர் உடனே கேட்டார்.

மெட்டில்டா குரல் பதிவு அனுப்பினாள்: "என் பொண்ணு தூங்குறா மிஸ். முன்னாடி போட்ட படத்துல புத்தகத்தைத் தலைகீழா பிடிச்சிருந்தா. பெத்த எனக்கும் முதல்ல தெரியலை, உங்க யாருக்கும் தெரியலை. தூங்குனா மட்டும் பளிச்சுன்னு தெரியுதோ?"