சைக்கிளில் ஓடிய வீடியோ கேம்

கைபேசியில் ஒரு தொழில்நுட்பச் செய்தியைத் திறந்தால் நான் முதலில் செய்தியை வாசிப்பதில்லை. கீழே சனங்கள் எழுதியிருக்கும் அபிப்பிராயங்களைத்தான் வாசிப்பேன். வீடியோ கேம் பிள்ளைகளைக் கெடுக்கிறது, அரசாங்கம் தடுக்க வேண்டும், தடுக்கக் கூடாது, தடுக்கச் சொல்பவனுக்கு மூளை இல்லை. இதெல்லாம் இந்தக் காலத்து வியாதி என்கிறாள் என் மகள். எனக்கு அதில் ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர் நடந்த யாழ்ப்பாணத்தில், எங்கள் அரியாலைக் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்கள் இதைவிட நன்றாகவே கதைத்தார்கள். தாங்கள் கதைக்கும் சாமானை அவர்களில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை என்பது மட்டும்தான் குறை.

அந்தச் சாமான் எங்கள் வீட்டில் இருந்தது. எனக்கு வந்தது.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அந்த வயதில் கலியாணம் ஆகாத பெண்ணைப் பற்றி ஊரில் எல்லோரிடமும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். கனடாவில் இருந்த ஒருவருக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். சாதகம் பொருந்தியிருந்தது. படமும் வந்திருந்தது. படத்தில் அவர் ஒரு காருக்குப் பக்கத்தில் நின்றார். கார் அவருடையதுதானா என்று அம்மாவுக்குச் சந்தேகம். மற்ற மாப்பிள்ளைமார் சேலை அனுப்புவார்கள், வாசனைச் சென்ற் அனுப்புவார்கள். இவர் உள்ளங்கை அளவில் ஒரு வீடியோ கேம் அனுப்பினார்.

அதைக் கொண்டுவந்தவர் அவருடைய சித்தி, எனக்கு மாமி முறை. வட்டுக்கோட்டைக்காரி, கொழும்பில் மகனுடன் இருந்தவர். காணி அலுவலாகப் பஸ்ஸிலும் வள்ளத்திலும் ஏறி இறங்கி ஊருக்கு வந்தவர், என்னுடைய பதிலையும் கையோடு கொண்டுபோவதாக இருந்தார்.

"பற்றரியை மட்டும் கழட்ட வேண்டாமாம் பிள்ளை. தன்ரை புள்ளி அதுக்குள்ளை கிடக்காம். உன்னாலை அதை வெல்ல ஏலுமோ எண்டு பாக்கட்டாம்" என்றார்.

நான் பின்பக்க மூடியைத் திறந்து பார்த்தேன். "பற்றரியைக் காணேல்லை மாமி."

"அதை நான் வவுனியாவிலையே கழட்டி எறிஞ்சுபோட்டன்."

அந்த நாளில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுவர அரசாங்கம் தடை போட்டிருந்தது. ஆமிச் சாவடியில் மாமியை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில், சாவடி வருமுன்பே பஸ் யன்னலால் வீசிவிட்டார். வீடியோ கேமுக்குத் தடை இல்லை. மின்சாரமே இல்லாத ஊருக்கு அப்படி ஒன்று போகும் என்று தடை போட்டவர்களுக்குத் தோன்றியிருக்காது.

"எவ்வளவு புள்ளி இருந்தது மாமி?"

"ஆர் கண்டது. கொஞ்சம் நீளமாத்தான் கிடந்தது."

இப்படியாக, வெல்லச் சொன்னவரின் புள்ளி வவுனியாவில் ஒரு புதர்ப் பற்றைக்குள் போயிற்று. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில், எல்லா வீட்டையும் போல, வானொலி சைக்கிளில்தான் ஓடியது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ வேலை செய்யும். செய்தி நேரத்தில் சுற்றுவது என் அண்ணையின் வேலை. அதே வயரை அவர் கேமின் பற்றரிப் பெட்டிக்குள் கொண்டுபோய்ச் செருகினார். திரை வந்தது. மேலிருந்து கட்டைகள் விழும். இடைவெளி இல்லாமல் அடுக்கினால் ஒரு வரி மறைந்து புள்ளி ஏறும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் சுற்றுகிற கை ஓய்ந்தால் கட்டையும் போகும், புள்ளியும் போகும். கனடாவில் ஒரு ஆள் தனியே விளையாடும் சாமானுக்கு எங்கள் ஊரில் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

பின்னேரங்களில் அண்ணை சுற்ற, நான் விளையாடினேன். இந்தச் செய்தி சங்கக்கடைக்கு எனக்கு முன்னமே போய்விட்டது.

"உது கதிர் வீசுற சாமான். கண்ணுக்குள்ளாலை போய் மூளையிலை நிக்கும்" என்றார் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். எங்கள் சனசமூக நிலையத்தின் தலைவரும் அவர்தான்.

"சில பேருக்கு அப்பிடி ஏதும் நிண்டால் நல்லதுதானே ஐயா" என்றார் குருநகரில் இருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு அக்கா.

"கட்டை அடுக்கிறதாம். இஞ்சை எத்தினை வீடு இடிஞ்சு கிடக்கு. அதை அடுக்கினாலும் பிரயோசனம்" என்று பின்னால் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் வீடும் இடிந்துதான் கிடந்தது.

பிறகு கதை மாப்பிள்ளைக்குத் திரும்பியது. முப்பத்தைந்து வயது ஆண் விளையாட்டுச் சாமான் அனுப்பினால் ஆளில் ஏதோ குறை என்றார்கள். இல்லை, குறை பெண்ணில், அதுதான் வயதுக்கேற்ற பரிசு அனுப்பவில்லை என்றார்கள். அண்ணைக்கு முப்பத்திநாலு ஆகிறது, தங்கச்சி கரைசேராமல் அவன் கட்டமாட்டான், பாவம் என்றார்கள். நான் மண்ணெண்ணெய்க் கானுடன் அவர்களுக்கு நடுவில்தான் நின்றேன். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை சனசமூக நிலையம் கூடி ஒழுங்குவிதி போட்டது. வட்டாரத்தில் தற்போதுள்ளதும் இனிமேல் வரக்கூடியதுமான சகல வீடியோ கேம்களுக்கும் அது பொருந்தும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை விளையாடக் கூடாது. செய்தி நேரத்தில் டைனமோ வானொலிக்கே உரியது. வட்டாரத்தில் இருந்தது ஒரே ஒரு கேம் என்பதால் விதியை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து வாசித்துக் காட்டினார்கள். அண்ணை கதிரை போட்டார், அம்மா தேத்தண்ணி கொடுத்தார். வாசித்து முடித்த தலைவர், விதியைச் சரியாக நடைமுறைப்படுத்த வேண்டுமென்றால் சாமானை ஒருக்கால் பார்ப்பது நல்லது என்றார். அன்றைக்கு அண்ணைக்குத் தோள் நொந்துபோகும்வரை தலைவர் விளையாடினார். கதிர் பற்றி அவர் பிறகு கதைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

இவ்வளவு அபிப்பிராயத்துக்கும் நடுவில் அபிப்பிராயம் சொல்லாத ஒரே ஆள் அண்ணைதான். அம்மா கேட்டார், சித்தப்பா கேட்டார். "அவள்தானே கட்டப்போறாள்" என்பார், பெடலைச் சுற்றுவார். நான் நேரே கேட்டபோதும் அதையே சொன்னார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. போக விருப்பம் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதரைப் பற்றி எனக்குப் பயமில்லை. அம்மாவையும் அண்ணையையும் குண்டு விழுகிற ஊரில் விட்டுவிட்டுப் போவதுதான் பயம். போகாமல் இருந்தாலோ அண்ணையின் வாழ்க்கை என் பெயரால் அப்படியே நின்றுவிடும். இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நான் கட்டை அடுக்கினேன்.

பதில் கேட்க மாமி வந்த பின்னேரம் நாங்கள் பின்விறாந்தையில் இருந்தோம். என்றைக்கும் எடுக்காத புள்ளி அன்றைக்கு ஏறிக்கொண்டிருந்தது. மாமி கதிரையை இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் அமர்ந்தார்.

"என்ன பிள்ளை முடிவு?"

"ஒரு நிமிசம் மாமி. இடையிலை விட்டால் எல்லாம் போயிடும்."

மாமி காத்திருந்தார். பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடித்து முடித்தார். திரும்பவும் கேட்டார். "இந்தா முடியுது மாமி" என்றேன். அது முடிகிற விளையாட்டு இல்லை என்று அவருக்குத் தெரியாது. அண்ணைக்குத் தெரியும். சைக்கிள் சில்லுச் சுற்றும்வரை நான் பதில் சொல்லத் தேவையில்லை என்பதும் அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் சுற்றினார்.

"நான் நாளைக்குக் காலமை வெளிக்கிடுறன்" என்றார் மாமி.

அண்ணை பெடலை விட்டுவிட்டார். சில்லுத் தானாகக் கொஞ்சம் ஓடியது. திரை மங்கிப் போனது.

"உனக்குப் போக விருப்பம். எனக்குத் தெரியும்" என்றார். "எங்களைப் பாத்துக்கொண்டு இராதை. அம்மாவோடை நான் நிக்கிறன். நீ போ."

அதுதான் அவர் சொன்ன ஒரே அபிப்பிராயம்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ மாமி" என்று சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, அழுகை வந்துவிட்டது. மாமி பயந்துபோய், என்ன, ஏன் அழுகிறாய் என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"புள்ளி எல்லாம் போயிட்டுது."

மாமி என் தலையைத் தடவினார். "உதுக்கு ஏன் பிள்ளை அழுகிறாய்? அங்கை போனால் ஆரும் சுத்தத் தேவையில்லை. நீ தனிய இருந்து விளையாடலாம்."

எனக்கு அழுகை இன்னும் கூடியது. அண்ணை எழும்பிக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார்.