சந்தனப் பொட்டு வைத்த சர்வர்

மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் நான் வேலை பார்க்கும் பிரிண்டிங் கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள். மேஜைக்குக் கீழே ஒரு பழைய பெட்டி, அதுதான் சர்வர். அதில் சாம்பா என்றொரு புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும். யார் ஃபைல் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் பிழைப்பு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான், வீடியோ பார்த்துப் பார்த்து அதைப் போட்டேன். என்றைக்கு நின்று தொலைக்குமோ என்று அன்றிலிருந்து பயம்.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழற்றித் துடைப்போம். முதலாளியின் மனைவியை அக்கா என்போம். அவர் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். அப்புறம் மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது.

இந்த வருஷம் மறுநாள் காலை சுவிட்சைப் போட்டால், மூன்று கம்ப்யூட்டரிலும் சர்வரைக் காணோம். வாசலில் ஒரு அண்ணாச்சி நிற்கிறார். நாலு மணிக்கு சர்ச்சில் அவர் மகளுக்குக் கல்யாணம், பாட்டுப் புத்தகம் இனிமேல்தான் அடிக்க வேண்டும்.

"தம்பி, புக்கு இல்லாம கோயில்ல எல்லாரும் வாயைப் பாத்துக்கிட்டா நிப்பாவ?"

"பத்து நிமிஷம் அண்ணாச்சி," என்றேன்.

சர்வரில் மானிட்டரை மாட்டினேன். சாம்பா ஓடுகிறது என்று பச்சை எழுத்து சொன்னது. பாட்டுப் புத்தக ஃபைலும் இருந்தது. பென் டிரைவில் எடுத்து, பக்கங்களை அமைக்கும் எங்கள் டிசைனரிடம் கொடுத்தேன். போட்டோ இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம். அவன் கம்ப்யூட்டர் படங்களை சர்வரில்தான் தேடுகிறது.

"ஏல, மூஞ்சி இல்லாத பொண்ணு மாப்பிள்ளையா?" என்றான் டிசைனர்.

"சந்தனம் பட்டுச் செத்துட்டுன்னு என் தலையில கட்டிராத," என்றார் அக்கா.

அந்தப் பயத்திலும் ஒன்று என்னை இழுத்தது. சர்வருக்குள் இருந்தே அந்த ஃபோல்டரைக் கேட்டேன், உடனே திறந்தது. மற்ற கம்ப்யூட்டரிலிருந்து கேட்டால் பதிலே இல்லை. உயிரோடு இருக்கிறது. அப்படியானால் யாருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது?

செட்டிங் ஃபைலை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நடுவில் ஒரு வரி, நானே போட்டது. பெட்டிக்குப் பின்னால் இரண்டு கேபிள் ஓட்டைகள். இரண்டாவதில் எப்போதாவது பக்கத்துக் கடையின் இன்டர்நெட் கேபிளை மாட்டுவோம். அந்த வழியாக எவனாவது புகுந்துவிடுவானோ என்று பயந்து, முதல் ஓட்டையில் வருகிறவர்களுக்கு மட்டும் பதில் சொல் என்று எழுதியிருந்தேன்.

மேஜைக்கடியில் படுத்துப் பார்த்தேன். முதல் ஓட்டையின் வாயை அடைத்துக்கொண்டு அக்காவின் சந்தனப் பொட்டு. காலையில் அதை அழிக்க மனசு வராமல், கேபிளை இரண்டாவதில் செருகியவனும் நான்தான்.

"அக்கா, பொட்டை எடுத்துரட்டுமா? குத்தம் ஒண்ணும் ஆயிராதே?"

"பூஜைதான் முடிஞ்சிட்டுல்லா, எடுல! இதுக்கா இவ்ளோ நேரம்?"

ஊக்கால் சுரண்டி, ஊதி, கேபிளை மாற்றினேன். டிசைனரின் கட்டங்களில் மாப்பிள்ளை வந்தார், பெண் வந்தாள்.

இரண்டரை மணிக்கு அண்ணாச்சி ஒரு புத்தகத்தை விரித்து, முதல் பாட்டை முணுமுணுத்துச் சரிபார்த்தார்.

"மெஷின்ல என்ன கோளாறு தம்பி?"

"மெஷின்ல இல்ல அண்ணாச்சி."

அவர் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு டாக்ஸிக்கு ஓடினார். செட்டிங்கில் நான் போட்ட அந்த வரியை எடுத்துவிடலாமா என்று சாயங்காலம் வரை யோசித்தேன். எடுக்கவில்லை. அடுத்த வருஷம் பொட்டை இரண்டாவது ஓட்டையில் வைக்கும்படி அக்காவிடம் சொல்லி வைத்தேன்.