கட்டை இளகும் பதம்

எங்கள் ஃபெர்லாக் ஊரில் ஒரு துப்பாக்கியை ஒரே ஆள் செய்து முடிப்பதில்லை. குழாய் ஒரு வீட்டில், விசை இன்னொரு வீட்டில், விசைத் தகட்டின்மேல் மலையாடு செதுக்குவது ஆற்றோரத்தில் மூன்றாவது வீட்டில். தோளில் அண்டக் கொடுக்கிற மரக்கட்டை என்றால் ஊஷ்னிக் வீடு. கிழவர் லியோன்ஹார்ட் ஊஷ்னிக்குக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் மரத்தூளைக் கண்டாலே தும்முவார், ரயில்வேக்குப் போய்விட்டார். கட்டை வேலை இளையவர் ஒஸ்வால்டுக்கு வந்தது. ரயில்வேக்காரரின் மகன் பெர்ன்ஹார்ட் லாரி ஓட்டுகிறவன். அவன் மனைவிதான் ரோஸ்விதா, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே ஒஸ்வால்டுக்காகச் சமையல் மேஜையில் உட்கார்ந்து, பிடி வழுக்காமலிருக்கக் கட்டையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு வெட்டித் தந்துகொண்டிருந்தாள். இந்தக் கதை நடந்தபோது அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது, தலையில் நரையும் வந்துவிட்டது.

ஒஸ்வால்டுக்குச் சர்க்கரை வியாதி. முதலில் கால் மரத்தது, பிறகு விரல் நுனி, பிறகு உள்ளங்கை. டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "போனது திரும்பாது. இருக்கறதக் காப்பாத்திக்குங்க." காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவது மனைவி ஹெட்விக். இது வீட்டுக்கு வெளியே தெரியாது. காபிக் கோப்பை கைநழுவி உடைந்தால், கோப்பையின் காதை ஒழுங்காக வைக்கத் தெரியாதவன் செய்தது என்று திட்டுவார்.

அதனால்தான் ரோஸ்விதாவை மேஜையிலிருந்து பட்டறைக்குக் கூட்டிவந்தார். ஆளுக்கு அளவெடுக்கக் கற்றுக்கொடுத்தார். கை நீளம், கழுத்து நீளம், கன்னத்துச் சதை, குளிர்காலக் கோட்டின் கனம் எல்லாம் பார்க்க வேண்டும். தையற்காரனாவது தப்பு விட்டால் பிரித்துத் தைக்கலாம். இரும்புக்குப் புகைக்கரி பூசி மரத்தில் அழுத்தி, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டி, இரும்பையும் மரத்தையும் இடையில் மயிரிழை நுழையாதபடி சேர்க்கக் கற்றுக்கொடுத்தார். அதெல்லாம் அவளுக்கு வந்துவிட்டது. வராதது ஒன்றுதான், வளைப்பு.

செய்து முடித்த கட்டை ஆளுக்குப் பொருந்தாவிட்டால் அதை வளைக்கலாம். இரும்பையெல்லாம் கழற்றிவிட்டு, கை பிடிக்கிற அந்த ஒல்லியான கழுத்தில் துணி சுற்றி, காய்ந்த ஆளிவிதை எண்ணெயைக் கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டும். ஊற்ற ஊற்ற மரம் ஒரு பதத்துக்கு வந்து இளகும். அப்போது கட்டையைப் பூட்டியிருக்கும் இரும்புச் சட்டத்தின் திருகைத் திருப்பினால், தூங்கும் குழந்தை தலையைத் திருப்புகிற மாதிரி திரும்பிக்கொடுக்கும். அதற்கு முன்னால் திருப்பினால் உடையும், பதம் தப்பினால் கருகும். ஒஸ்வால்ட் துணியோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்துப் பார்ப்பார், "ம்" என்பார், திருகுவார். அவ்வளவுதான்.

கழித்துப்போட்ட கட்டைகளில் ரோஸ்விதா பழகினாள். சில வளைந்தன, சில டப்பென்று வாயைப் பிளந்தன.

"சின்ன அத்தை ஜாம் காய்ச்சறப்ப தட்டுல ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டு பதம்ங்கறாங்க. இதுக்கும் அந்த மாதிரி ஏதாவது சொல்லுங்களேன் சின்ன மாமா."

"இருந்தா உன்கிட்ட மறைச்சு வெச்சு நான் என்ன பண்ணப்போறேன்? கொஞ்சம் வேர்க்கும். அப்புறம் வேர்க்காது."

"என்ன வேர்க்கும்? மரமா, கையா?"

அவர் யோசித்துப் பார்த்தார். சத்தியமாக அவருக்கே தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் பிளாசியுஸ் வந்து சேர்ந்தார். ஹெட்விக்கின் பெரியம்மா மகன், காட்டிலாகாக் காவலர். போன இலையுதிர்காலத்தில் காட்டில் வேட்டைப் பரணிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, ஒட்டியது ஒட்டியபடி விறைத்துவிட்டது. துப்பாக்கியைத் தோளில் வைத்தால் கன்னம் கட்டைக்கு இறங்காது, கண் குறிக்கு நேரே வராது. அந்தத் துப்பாக்கி அவர் கல்யாணத்துக்கு ஒஸ்வால்ட் போட்டுக்கொடுத்தது. லியோன்ஹார்ட் காலத்திலிருந்து பரண்மேல் காய்ந்துகொண்டிருந்த வால்நட் பலகை அது. அந்த மாதிரி வரியோடிய மரத்தை நான் பிறகு பார்க்கவில்லை.

"கழுத்து வளையாதுன்னுட்டாங்க மச்சான். நீ துப்பாக்கிய வளை" என்றார் பிளாசியுஸ்.

"புதுக் கட்டை போட்டுத் தரேனே."

"புதுசு யாருக்கு வேணும்? என் பொண்டாட்டிகூடத்தான் பழசாயிட்டா. மாத்திட்டனா?"

சமையலறையிலிருந்து ஹெட்விக் குரல் கொடுத்தார்: "அவ உன்ன மாத்தாம வெச்சிருக்காளே, அதச் சொல்லு!"

பிளாசியுஸ் சிரித்தார். தலையைத் திருப்ப முடியாததால் உடம்போடு திரும்பினார். "ஒண்ணு சொல்லிட்டேன். நீதான் வளைக்கணும். கோடு கிழிக்கற அந்தப் பொண்ணு கையில குடுத்துறாத. வர்ற சனிக்கிழமை வந்து வாங்கிக்கறேன்."

என் கை செத்துப்போச்சு மச்சான் என்று சொல்ல ஒஸ்வால்ட் வாயெடுத்தார். "சரி" என்ற சொல்தான் வெளியே வந்தது.

மறுநாள் காலை ரோஸ்விதா அடுப்பில் எண்ணெயை ஏற்றிவிட்டுச் சொன்னாள்: "நான் ஒண்ணும் செவிடு இல்ல. கோடு கிழிக்கற பொண்ணு காதுலயும் விழுந்துச்சு."

"விடு. கரண்டியும் திருகும் உன்கிட்ட. பதம் மட்டும் நான் சொல்றேன். இன்னிக்கு என்கூட நின்னு பாத்தேன்னா உனக்குப் பிடிபட்டுரும்."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். விரலும் உள்ளங்கையும் மரத்தால் என்ன, இத்தனை வருஷம் பிடித்த கைக்கு அந்த நேரம் வந்தால் தெரியாமலா போகும் என்று நினைத்தார்.

அவள் ஊற்றினாள். எண்ணெய் துணியில் ஊறிக் கீழே தட்டில் சொட்டியது. ஒஸ்வால்ட் வலது கையால் கழுத்தைப் பிடித்தார்.

"இன்னும் இல்ல."

அவள் மறுபடி ஊற்றினாள். அவர் பிடித்துக்கொண்டே இருந்தார். கை ஒன்றும் சொல்லவில்லை. சூடில்லை என்று சொல்லவில்லை, சூடு என்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததை அவர் குளிர்ச்சி என்று எடுத்துக்கொண்டார். இந்தத் தொழிலில் கை மரத்தவனுக்கு மட்டுமே வருகிற தப்பு அது.

"ஊத்தும்மா. மரம் இன்னும் முழிச்சுக்கிட்டுதான் இருக்கு."

"வாசனை மாறுது சின்ன மாமா."

"ஊத்துங்கறேன்."

சந்தேகம் வந்து இடது கையையும் வைத்து அழுத்தினார். அதுவும் ஊமையாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அப்பா எப்படிப் பிடிப்பார், தான் எப்படிப் பிடித்தோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். அப்பாவின் கோட்டு நினைவுக்கு வந்தது, சுருட்டு வாசனை வந்தது. கைக்குள் மரம் இளகுகிற அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

"இப்பவா?" என்றாள் ரோஸ்விதா. "சின்ன மாமா, இப்பவா?"

அவர் பதில் சொல்லுமுன் அவள் கரண்டியைப் போட்டுவிட்டாள். அவருடைய விரலிடுக்கில் தோல் வெள்ளையாகக் கொப்பளித்து நின்றது.

"கைய எடுங்க! ஐயோ, கைய எடுங்க!"

"ஏன்? என்ன ஆச்சு?" என்றார். நிஜமாகவே கேட்டார்.

தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியில் கையை முக்கினாள். அவர் திமிறினார். "என்னை விடு! மரம் ஆறிப்போகும், திருகு! போ, திருகுடி!" ஹெட்விக் ஓடிவந்து பிடித்துக்கொண்ட பிறகுதான் ரோஸ்விதா திரும்பிப் போனாள். அதற்குள் மரம் பாதி ஆறியிருந்தது. திருகு கொஞ்சம் போயிற்று, மரம் முனகிற்று, அவள் நிறுத்திவிட்டாள். அடுத்த நாள் சட்டத்தைக் கழற்றியபோது கட்டை ஒன்றுமே நடக்காத மாதிரி பழையபடி நேராக நின்றது.

டாக்டர் இரண்டு கையையும் மணிக்கட்டுவரை கட்டிவிட்டார். ஹெட்விக் பாலாடைக்கட்டிக் கொழுக்கட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி ஊட்டிவிட்டார். மென்றுகொண்டே ஒஸ்வால்ட் சொன்னார்: "விட்டுரலாம் ரோஸ்விதா. ரெண்டு தடவ சூடு கண்ட மரம் நிக்காது."

"எத்தனை நாளா கை இப்படி?"

அவர் கொழுக்கட்டையைப் பார்த்தார். ஹெட்விக்தான் பதில் சொன்னார்: "ரெண்டு குளிர்காலம்."

"ரெண்டு குளிர்காலமா பட்டறையில என் பக்கத்துல நின்னு இன்னும் இல்ல, இன்னும் இல்லன்னீங்களே. எதப் பாத்துச் சொன்னீங்க?"

"உன்னப் பாத்து" என்றார். "உன் கை இறுகுச்சுன்னா இன்னும் இல்லம்பேன்."

அவள் எழுந்து ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு எண்ணெயை ஏற்றப் போனாள். ஒஸ்வால்டும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீங்க இங்கயே இருங்க. உள்ள வந்தா நான் உங்க மூஞ்சியத்தான் பாப்பேன். மரத்தப் பாக்கமாட்டேன்."

பட்டறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள்.

எண்ணெய் சொட்டுகிற சத்தம் சமையலறைவரை கேட்டது. ஒஸ்வால்ட் கதவைப் பார்த்துக் கத்தினார்: "துணிய இறுக்கமா சுத்தாத!" மறுபடி கத்தினார்: "நீளத் திருப்பு வேணாம், கால் கால் திருப்பாப் போ!" "அவ காதுல விழுதா இல்லையா?" என்று ஹெட்விக்கைக் கேட்டார்.

"விழும். நீ கொஞ்சம் வாய மூடு" என்று ஹெட்விக் ஒரு துண்டு ரொட்டியை அவர் வாயில் வைத்தார்.

சொட்டுகிற சத்தம் நின்றது. இப்போது திருகுகிறாள் என்று தெரிந்தது. அவர் இரண்டு கட்டுக் கையையும் மடியில் வைத்துக்கொண்டு, டப்பென்ற சத்தம் வருமா என்று காத்திருந்தார். வரவில்லை. வராததும் அவரை ஆற்றவில்லை, சில மரம் சத்தமில்லாமல் உள்ளேயே பிளக்கும். வெகுநேரம் கழித்து அவள் வந்து, குழாயடியில் ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, கட்டையைச் சட்டத்திலேயே ஆறவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை பிளாசியுஸ் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கினார். கண்ணைத் திறந்தார். குறி நேரே நின்றது. மறுபடி மூடித் தூக்கித் திறந்தார்.

"மச்சான்! கட்டுப்போட்ட கையோடயே இப்படியா! உன் கை மாதிரி வருமாடா!"

"என் கை இல்ல" என்றார் ஒஸ்வால்ட்.

"சரி சரி, ரொம்ப அடக்கம்."

"நிஜமாத்தான் சொல்றேன். நான் தொட்டது கெட்டுச்சு. இவதான் வளைச்சா. நான் பக்கத்துலகூட இல்ல."

பிளாசியுஸின் முகம் மாறியது. அதுவரை தடவிக் கொஞ்சிக்கொண்டிருந்த கட்டையை இப்போது வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரோஸ்விதா கைகட்டி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விரிசலத் தேடறீங்களா காட்டுக்காரரே? கண்ணாடி வேணுமா, எடுத்துத் தரேன்."

பிளாசியுஸ் ஒஸ்வால்டைத்தான் கேட்டார்: "சுட்டா தாங்குமா?"

இந்தக் கேள்விக்கு ஒஸ்வால்ட் ஆயுசு முழுக்க "தாங்கும்" என்றே சொல்லி வந்திருக்கிறார். கழுத்தை ஒரு பிடி பிடித்தால் போதும், சொல்லிவிடுவார். இப்போது ரோஸ்விதாவைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியாது" என்றாள் அவள். "மணல்மேட்டுக்கு வாங்க. சுட்டுப் பாத்துரலாம்."

மூன்று பேரும் போனார்கள். பிளாசியுஸ் விறைத்த கழுத்தோடு நின்று, கட்டையில் கன்னத்தை வைத்து, ஒருமுறை உடம்போடு திரும்பி ஒஸ்வால்டைப் பார்த்தார். ஒஸ்வால்ட் தலையசைக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பிளாசியுஸ் சுட்டார். சத்தம் ஆற்றின் அந்தப் பக்கத்து மலையில் மோதித் திரும்பி வந்தது.

பழக்கத்தில் ஒஸ்வால்ட் கையை நீட்டினார். நீட்டியது இரண்டு துணி உருண்டை. பிளாசியுஸ் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒரு கணம் தயங்கினார், பிறகு ரோஸ்விதாவிடம் கொடுத்தார். அவள் கட்டைவிரலைக் கழுத்தைச் சுற்றி மெதுவாக ஓட்டினாள். வெயிலுக்குத் திருப்பினாள். மறுபடி ஓட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. ஒஸ்வால்டுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா?"

"இதுவரைக்கும் ஒண்ணுமில்ல" என்றாள். "இன்னொண்ணு சுடுங்க."

இந்தத் தடவை பிளாசியுஸ் ஒஸ்வால்டின் பக்கம் திரும்பவில்லை. துப்பாக்கியை வாங்கி ரவையைப் போட்டார்.