கை கேட்டேன், காளியம்மா வந்தாள்

விஷக்காய்ச்சல் வந்த வருஷம் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் ஜனங்கள் காய்ச்சலால் மட்டும் சாகவில்லை, சகோதரிகளே. தாகத்தாலும் செத்தார்கள். ஒரு வீட்டில் ஒருவர் படுத்தால் மற்றவர் தண்ணீர் கொடுப்பார். வீட்டில் எல்லோரும் ஒன்றாகப் படுத்துவிட்டால் யார் கொடுப்பது? குழாய் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அதுவரை நடக்க ஆள் இல்லை.

சபைக்குப் புதிதாக வந்திருக்கிற பெண்கள் சிலர் என்னிடம் கேட்டீர்கள். வெள்ளம் என்றாலும், தீப்பிடித்தது என்றாலும், ஒரு வீட்டில் சாவு என்றாலும் நீங்களும் காளியம்மாவும் கஞ்சிப் பானையோடு போய் நிற்கிறீர்களே, காளியம்மா நம் சபைகூட இல்லையே, எப்படிச் சேர்ந்தீர்கள் என்று. அதைத்தான் இன்றைக்குச் சாட்சியாகச் சொல்லப்போகிறேன். சொல்லும்போது நான் அழுதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு. ஐரோப்பாவில் பெரிய சண்டை முடியப்போகிற சமயம். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். கிள்ளான் ரயில் வந்தால் தண்டவாளத்தை மாற்றிவிடுகிற வேலை. கிள்ளான் துறைமுகத்தில் ஏதோ காய்ச்சலாம், கப்பலில் வந்ததாம் என்று அவர்தான் முதலில் வந்து சொன்னார். சொன்ன வாரமே லைனில் இருமல் கேட்க ஆரம்பித்தது. தண்டவாளம் போடுகிற ஜனங்கள் இருந்த அறைகள் அவை. ஒரே கூரை, வரிசையாக அறை, அறைக்கு ஒரு குடும்பம். முதல் அறையில் இருமினால் கடைசி அறைவரை கேட்கும்.

பிறகு இருமலும் குறைந்தது. இரும ஆள் குறைந்ததால் குறைந்தது.

எங்கள் சபையில் அப்போது உபதேசியாரின் மனைவி அன்னம்மாள் அக்கா இருந்தார். கனத்த உடம்பு, வேகமான நடை. ஒரு நாள் ஆராதனை முடிந்ததும் எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"லைன்ல ஜனங்க தண்ணியில்லாம கெடக்காங்க. நான் போறேன். யாரு வாரீங்க?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒட்டிக்கொள்ளும் காய்ச்சல் என்று எல்லோருக்கும் தெரியும். நானும் குனிந்துதான் இருந்தேன். அக்கா என் பக்கத்தில் வந்து, "நேசம்மா, உனக்குத்தான் புள்ளகுட்டி இல்லயே, வா" என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அது குத்தியிருக்கும். அவர் சொன்னபோது குத்தவில்லை. எழுந்து போனேன்.

பாசார் கடைத்தெரு பாதி மூடிக்கிடந்தது. அரிசி கிடைப்பது பெரும்பாடு. தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்த சீனர் ஒரு மூட்டை நொய்யரிசியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, எங்களை எடுத்துக்கொள்ளும்படி கையைக் காட்டிக் கதவைச் சாத்திக்கொண்டார். எதிர்வரிசையில் ஸ்டேஷனில் கணக்கெழுதுகிற கிராணியின் மனைவி, யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருந்தார். எங்களோடு வர அவருக்கு ஆசை. சன்னல் வழியாக மல்லித் தண்ணீரை நீட்டி, "பிள்ளை, இவர் என்னை வெளிக்கிட விடுறார் இல்லை. இதையாவது கொண்டு போம்" என்பார். அப்படிக் கிடைத்ததையெல்லாம் வைத்துக்கொண்டு அக்காவும் நானும் அறை அறையாகப் போனோம்.

உள்ளே கண்டதை எல்லாம் நான் சொல்லப்போவதில்லை. பாயில் ஒட்டிக்கிடந்தவர்களைத் தூக்கி உட்காரவைத்தோம். கழுவினோம். உப்புப் போட்ட கஞ்சியைக் கரண்டி கரண்டியாக வாயில் விட்டோம். சிலர் விழுங்கினார்கள். சிலருக்கு வாயோரமாக வழிந்துவிடும். அப்போது அக்கா அவர்களின் கண்களை மூடிவிட்டு, வாசலில் ஒரு துணியைக் கட்டுவார். பிணவண்டிக்காரனுக்கு அது அடையாளம். போகப்போகத் துணி கிடைக்காமல் அக்காவின் பழைய சேலையைக் கிழித்துக் கட்டினோம்.

எனக்குப் பயமாக இருக்கும். வாசலில் நின்று ஜெபம் பண்ணிவிட்டு உள்ளே போகலாம் என்று நிற்பேன். அக்கா உள்ளேயிருந்து, "ஜெபம் பண்ணிட்டு வா, ஆனா சீக்கிரம் வா" என்பார்.

அந்த அக்கா ஒரு வீட்டு வாசலில் கரண்டியோடு சரிந்து விழுந்தார். தொட்டுப் பார்த்தேன். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். கூட்டிவர வைத்தியரும் இல்லை, ஆஸ்பத்திரியில் தரையிலும் இடமில்லை. முகமெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. மூச்சு விட முடியாத நேரத்திலும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

"அந்தக் கடைசி ரூமுக்கு நாம போகவே இல்ல நேசம்மா."

அவ்வளவுதான் பேசினார். மறுநாள் அடக்கம் பண்ணினோம். மழை. உபதேசியார் ஜெபத்தை முடிக்க முடியாமல் பாதியில் நிறுத்திவிட்டார். ஆண்டவர் அக்காவை ஏன் எடுத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆண்டவரிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சாட்சி சொல்ல வந்த இடத்தில் தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டேன்.

கல்லறையிலிருந்து நேரே கடைசி அறைக்குப் போனேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒரு பிள்ளை. இரண்டுமே இறந்து ஒரு நாளாவது ஆகியிருக்கும். அவள் புருஷன் தண்டவாள வேலைக்குப் போன இடத்திலேயே காய்ச்சலில் இறந்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. அவளுக்கு அப்போது அதுவும் தெரியாது.

அவள்தான் காளியம்மா.

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். பிள்ளைகளை வாங்கப் போனபோது விடவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவளாகவே கையைத் தளர்த்தியபோது இரண்டையும் வாங்கி, குளிப்பாட்டி, வண்டியில் வைத்தேன். ஒரு சொல் பேசவில்லை அவள். அதன் பிறகு தினமும் அந்த அறைக்குக் கஞ்சி கொண்டுபோனேன். முதலில் தொடவில்லை. பிறகு தொட்டாள். சுவரைப் பார்த்தபடியே குடிப்பாள்.

இந்த நிலையில்தான் என் வீட்டுக்காரர் படுத்தார். வேலையிலிருந்து வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தார். "நேசம், நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்றார். அக்காவின் முகத்தில் பார்த்த அதே நீலம் அவர் உதட்டில் லேசாகத் தெரிந்தது. 

அவரை விட்டுவிட்டு லைனுக்கு எப்படிப் போவேன்? லைனில் என்னை விட்டால் தண்ணீர் தூக்க ஆள் இல்லை. காலையில் ஓடிப்போய் நான்கு அறைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடிவருவேன். வந்தால் இவர் தலை தொங்கி மூச்சுத் திணறிக்கொண்டிருப்பார். தூக்கி உட்காரவைத்துவிட்டு மறுபடி ஓடுவேன். அங்கே நான் போகாமல் விட்ட அறையில் ஒருவர் இறந்திருப்பார். ஒரு இடத்தில் நின்றால் மற்ற இடத்தில் சாவு.

ஒரு மத்தியானம் குழாயடியில் பானையை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் போடவும் தெம்பில்லை. நல்ல வார்த்தைகளும் வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஆண்டவரே, எனக்கு இருக்கது ரெண்டு கை. அதை எங்கன்னு நீட்டுவேன்? என் புருஷனும் சாகப்போறாரு, இந்த ஜனமும் சாகுது. அக்காவையும் எடுத்துக்கிட்டீரு. என்னையும் எடுத்துக்கிடணும்னா எடுத்துக்கிடும். இல்லன்னா ஒரு ஆளை அனுப்பும். எனக்குக் கை வேணும், ஆண்டவரே. வேற ஒண்ணும் கேக்கல."

குரல் எதுவும் கேட்கவில்லை. நெஞ்சில் சமாதானமும் வரவில்லை. பானை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடினேன்.

தலையைத் தூக்கியபோது காளியம்மா வந்துகொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். தலை விரிந்துகிடந்தது. என் முன்னால் வந்து நின்று, அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பேசினாள்.

"அந்தப் பானையக் குடு அக்கா."

"ஒனக்கு ஒடம்பு முடியாதேம்மா. போய்ப் படு."

"முடியுது." மூச்சு வாங்கினாள். "எம் புள்ளைங்க தண்ணி கேட்டப்ப என்னால எந்திரிக்க முடியல. இப்ப எந்திரிக்க முடியுது. குடு."

கொடுத்தேன். 

பானையை இடுப்பில் வைத்தவள் இரண்டு அடி போய்த் திரும்பினாள். "ஒங்க வீட்டுக்காரரு படுத்திருக்காராமே. போய் அவரப் பாரு. இங்க நா பாத்துக்கிறேன்."

அவள் பார்த்துக்கொண்டது எப்படி என்று கேளுங்கள். மறுநாள் காலையில் பானையைக் கரண்டியால் தட்டிக்கொண்டே வரிசை நெடுக நடந்தாள். "கஞ்சி குடிச்சுப் பொழச்ச ஆளுங்கள்லாம் வெளிய வாங்க" என்று கத்தினாள். எனக்கு அந்த யோசனையே வந்ததில்லை. காய்ச்சல் விட்டவர்களை நாங்கள் நோயாளிகளாகவே நினைத்து விட்டிருந்தோம். வந்தார்கள். நடக்க முடிந்தவன் தண்ணீர் தூக்கினான். நடக்க முடியாத கிழவர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து விறகைத் தள்ளினார். அக்காவும் நானும் கரண்டியால் ஊட்டிய வாய்கள்தான் அவை. நான் ஒரு ஆளைக் கேட்டேன். ஆண்டவர் எனக்கு ஒரு லைனையே எழுப்பிக் கொடுத்தார்.

எல்லாம் சுலபமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். மேஸ்திரி ஒருவர் படுத்திருந்தார். காளியம்மா தண்ணீர் கொண்டுபோனபோது, "நீ தொட்ட தண்ணி எனக்கு வேணாம்" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சாகக் கிடந்த மனுஷர். நான் சண்டைக்குப் போக இருந்தேன். காளியம்மா டம்ளரை அவர் தலைமாட்டில் வைத்தாள். "வச்சிட்டுப் போறேன். யாரும் பாக்கல. குடி" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது டம்ளர் காலியாக இருந்தது. அவர் பிழைத்தார். பிழைத்த பின்பும் வழியில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவார். அவள் அதற்குச் சிரிப்பாள்.

என் வீட்டுக்காரருக்கு மிக மோசமான நாள் அதற்கடுத்து வந்தது. நகமெல்லாம் கறுத்தது. படுக்கவைத்தால் மூச்சு நிற்கும். காலையிலிருந்து அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். ஈரத்துணியால் வாயை நனைத்துக்கொண்டே இருந்தேன். என் கால் மரத்துப்போய் எனக்கே சொந்தமில்லாததுபோல் ஆகிவிட்டது. லைனில் ஆள் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு நான் ஒரு நேரமாவது எழுந்து ஓடியிருப்பேன். ஓடியிருந்தால் அவர் தனியாகச் செத்திருப்பார். சாயங்காலம் அவர் உடம்பு வியர்த்தது. என் சேலை முழுக்க நனைந்துபோனது. "பசிக்குது" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்றுவரை ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

அவருடைய நெஞ்சு பழையபடி ஆகவில்லை. பாயிண்ட்ஸ் வேலைக்குத் தெம்பில்லாமல் ரயில்வே கேட் காவலுக்கு மாற்றினார்கள். காளியம்மா வந்த பிறகும் லைனில் செத்தவர்கள் உண்டு. வாசலில் துணி கட்டுவது உடனே நின்றுவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தண்ணீர் இல்லாமல் ஒருவரும் சாகவில்லை. இதை நான் ஆண்டவருக்கு முன்பாகச் சொல்கிறேன்.

காய்ச்சல் ஓய்ந்ததும் காளியம்மாவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவளுக்குப் போக வேறு இடமில்லை. என் வீட்டுக்காரர்தான் அவளைத் தங்கச்சி என்று முதலில் கூப்பிட்டார். அன்றிலிருந்து ஊருக்கு ஒரு ஆபத்து என்றால் நாங்கள் இருவரும் போகிறோம். கிள்ளான் ஆறு பெருகி ஊர் மூழ்கியபோது போனோம். பத்துமலைக் கோயில் திருவிழாவில் நெரிசலில் மயங்கி விழுந்தவர்களைத் தூக்கவும் போனோம். அங்கே போகலாமா என்று சபையில் சிலர் கேட்டார்கள். விழுந்துகிடப்பவரைத் தூக்க எங்கேயும் போகலாம் என்றேன்.

ஒரு நாள் அடுப்படியில் அவளிடம் என் ஜெபத்தைச் சொன்னேன். "நான் கேட்டேன், என் ஆண்டவர் ஒன்னை அனுப்புனாரு" என்றேன். அவள் மிளகாயைக் கிள்ளிக்கொண்டே, "எங்க மாரியாத்தாதான் கனவுல வந்து எந்திரிச்சுப் போடின்னா. ஒங்க ஆண்டவரு எங்க வந்தாரு?" என்றாள். இதை நாங்கள் பல வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவளும் விடுவதில்லை, நானும் விடுவதில்லை. சோறு மட்டும் ஒரே பானையில்தான் வேகிறது.

சகோதரிகளே, ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களுடையதையும் கேட்பார். நல்ல வார்த்தை வராவிட்டாலும் கேட்பார். முழங்கால் போடத் தெம்பில்லாமல் குழாயடியில் உட்கார்ந்து புலம்பினாலும் கேட்பார். இங்கே எத்தனையோ பேர் கடனிலும் நோயிலும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். கேளுங்கள்.

கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் வழியைப் பாருங்கள். யாராவது வருவார்கள். நீங்கள் நினைத்த ஆளாக இருக்கமாட்டார்கள். நடக்கவே முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வரக்கூடும். நீ எந்தச் சபை, எந்தச் சாதி என்று கேட்டு நிறுத்திவைக்காதீர்கள். பானையைக் கொடுத்துவிடுங்கள்.