வீட்டோடு பேசாதவர்களைத் தேடினேன், ஓர் அம்மா கிடைத்தார்

வீட்டோடு தொடர்பை விட்டவர்கள் என் ஆராய்ச்சிக்குப் பேச வரலாம், பேர் ஊர் வெளியே வராது என்று இங்கே பதிவு போட்டிருந்தேனே, அதைப் பார்த்து இன்று ஓர் அம்மா மெசஞ்சரில் அழைத்தார். நான் ஜொகூர் பாருவுக்குப் போகும் பேருந்தில் இருந்தேன்.

"பேச விருப்பமா ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"எனக்கு இல்லம்மா. என் மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். அப்பாகூட சண்ட. நம்பர மாத்திட்டான். உங்ககிட்ட பேசினவங்கள்ல அவன் இருக்கானா?"

"சொல்லக்கூடாது ஆன்ட்டி. முக்கால்வாசிப் பேர் சொந்தப் பேரையே எங்கிட்ட சொல்றதில்ல."

"பேரு வேணாம்மா. உயிரோட இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, போதும்லா."

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் என்னை நம்பிப் பேசிய யாரோ ஒருவரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். 

கடைசியில் அவரே சொன்னார்: "சரிம்மா. அவங்க அப்பா தவறிட்டாரு. வீட்டுல நான் மட்டும்தான். அத மட்டும் எழுதிப் போடுங்க. எங்கயாவது இருந்து படிப்பான்."

பேருந்தில் கேட்கலாம் என்று வைத்திருந்த பேட்டிப் பதிவுகளை இன்று கேட்க முடியவில்லை. ஒவ்வொரு ஆண் குரலும் அவர் மகனுடையதாகவே கேட்கிறது. சிரிப்புகூட.

ஆன்ட்டி, எழுதிவிட்டேன்.

என் பேராசிரியர் இதைப் படித்தால் எனக்கு ஒரு மணி நேர வகுப்பு உறுதி. அதற்கு முன் நீங்கள் சொல்லுங்கள், அந்த அம்மாவுக்கு நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?