புலிக் கம்பளியும் ஹைபிரிட் காரும்

ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு ரசாயனம் விற்கிறவனின் தொழிலில் இரண்டு விஷயங்கள் சூடாகவே கூடாது: ஒன்று ஐஸ் பெட்டிக்குள் இருக்கும் சரக்கு, மற்றொன்று மேனேஜர். 2009-ல் எனக்கு மூன்றாவதாக ஒரு கார் பேட்டரியும் வந்து சேர்ந்தது. பழைய கார் வாங்கி, அது போடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். புதுக் கார் வைத்திருப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஷார்ஜாவில் எங்கள் கம்பெனி. அந்த வருஷம் வியாபாரம் படுத்துவிட்டது. கம்பெனிக் கார்களையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சொந்தக் கார் உள்ள சேல்ஸ்மேன்கள் மட்டும் இருக்கலாம், அவர்களுக்குக் கார் அலவன்ஸ் உண்டு, மற்றவர்களுக்கு விசா கேன்சல் என்று மேனேஜர் கோபிநாத் சார் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். மனைவி கவிதா, ஸ்கூலுக்குப் போகும் மகள், ரோலா ஏரியாவில் இருந்த ஃப்ளாட் எல்லாமே என் ஒருவன் விசாவில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. கார் ஓடினால் நாங்கள் ஷார்ஜா. நின்றால் திருச்சி.

ஓடுகிறதா, இல்லையா?

ஹைபிரிட் வாங்கு என்று யோசனை சொன்னவன் என்னோடு வேலை பார்த்த கீழக்கரை முபாரக். பெட்ரோலும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கிற வண்டி, செலவு பாதியாகும் என்றான். அமெரிக்காவில் யாரோ ஓட்டித் தீர்த்துக் கப்பலில் அனுப்பிய ஒன்று பழைய கார் மார்க்கெட்டில் கிடைத்தது. கடைக்காரர் உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. “ஸ்டார்ட் ஆகலையே, வேண்டாம் வா” என்று முபாரக்கின் கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் வண்டி நகர்ந்து வந்து என் முழங்காலைத் தொட்டது. அப்படித்தான் அது எனக்குச் சொந்தமானது.

முதல் வாரம் முழுக்க சிக்னல்தான் எனக்கு எமன். சிவப்பு விழுந்தால் எஞ்ஜின் தானாக அடங்கிவிடும். அடங்குவதுதான் அதன் இயல்பு என்று தெரிந்தும், ஒவ்வொரு தடவையும் வேலையே போய்விட்டது போல இருக்கும். கை தானாகப் போய் நான்கு பக்க விளக்குகளையும் மினுக்கவிட்டுவிடும். ஒருநாள் கிங் ஃபைசல் ரோட்டில் இப்படி மினுக்கிக்கொண்டு நின்றபோது, பின்னால் இருந்த, பெஷாவர் பக்கத்துப் பட்டாணி டாக்ஸிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். ஹிந்தியில் அவர் கேட்டது இதுதான்: “பாய், தள்ளிவிடட்டுமா? நமக்குள்ள என்ன வெட்கம்?”

அறுபது

கார் சத்தம் போடாது என்பதால் வேகமும் தெரியாது. அறுபதுக்கு மேல் போகக் கூடாத ரோட்டில் மீட்டரில் அறுபது வைத்துக்கொண்டு, மற்ற வண்டிகளெல்லாம் பின்தங்குவதைப் பார்த்து, பரவாயில்லை, நல்ல வண்டிதான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. ராடார் பளிச்சென்று மின்னியது. யாரையோ படம் பிடிக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நாள் அதே இடத்தில் மறுபடியும் மின்னியது.

அன்று சாயங்காலம் முபாரக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, “நீயே பார், அறுபதுதானே? ராடார்தான் கெட்டுப்போயிருக்கு” என்று நிரூபிக்கக் கிளம்பினேன். அவன் மீட்டரை உற்றுப் பார்த்தான். அப்புறம் சீட் பெல்ட்டை இழுத்துச் சரிபண்ணிக்கொண்டு சொன்னான்: “அறுபதுதாண்ணே. ஆனா அது மைல்.”

கைவைக்க ஆளில்லை

வண்டியை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கராஜுக்குப் போனேன். பானட்டைத் திறந்ததும் சுற்றியிருந்த எட்டுக் கடைக்காரர்களும் வந்து கூடிவிட்டார்கள். ஆரஞ்சு நிறத்தில் தடியாக ஓடிய, தொட்டால் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரக் கேபிளைப் பார்த்ததும் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் பால் விடாத சுலைமானி டீ வரவழைத்துக் கொடுத்தார். ஆயிலை மாற்றி, டயருக்குக் காற்றடித்து, பானட்டைப் பூப்போல மூடினார்கள். பேட்டரியையும் பாருங்களேன் என்று கெஞ்சினேன். தலைமை மெக்கானிக், லாகூர்க்காரர், என் தோளில் கைபோட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார். “இன்ஷா அல்லா, ஓடும் பாய். ஓடாட்டி இங்க கொண்டுவராதே.”

மேம்படுத்தினேன்

உள்ளே திறக்க ஆளில்லை என்று தெரிந்ததும் வெளியே மேம்படுத்தத் தொடங்கினேன். பயந்தவன் செய்கிற வேலை அது. கண்ணாடிக்கெல்லாம் கறுப்பு ஃபிலிம் ஒட்டினேன். ஸ்டியரிங்குக்கு உறை போட்டேன். ஐஸ் பெட்டி பின் சீட்டின் வலது ஓரத்தில் இருக்கும். ஜூலை வெயில் அந்தப் பக்கத்துக் கண்ணாடி வழியாகத்தான் இறங்கும். சரக்கு சூடாகிவிட்டால் என்ன செய்வது என்று, லீவில் ஊருக்குக் கொண்டுபோக வாங்கி வைத்திருந்த புலிப்படம் போட்ட கம்பளியைப் பிரித்துப் பெட்டியைச் சுற்றிப் போர்த்திவிட்டேன். வளைகுடாவிலிருந்து லீவில் போகும் எவன் அட்டைப்பெட்டியிலும் அந்தப் புலி இல்லாமல் இருக்காது. ஒரு கையால் தூக்க முடியாத கனம். கவிதாவுக்கு மனசே இல்லை. அவளுடைய அக்காவுக்கென்று எடுத்து வைத்தது.

அதற்குப் பிறகுதான் பின்னாலிருந்து புஸ்ஸென்று ஒரு இரைச்சல் வர ஆரம்பித்தது. மீட்டரில் பேட்டரிக் கோடுகள் விறுவிறுவென்று ஏறும், இறங்கும். ஏசிதான் பேட்டரியைத் தின்கிறது என்று நானே முடிவுசெய்து, ஏசியை அணைத்துவிட்டு ஓட்டினேன். நாற்பத்தைந்து டிகிரியில்! அஜ்மானில் ஒரு கிளினிக்குக்கு வேர்வையில் ஊறிய சட்டையோடு போய் நின்றேன். டாக்டரம்மா பெட்டியைத் திறந்து பார்த்தார், என்னையும் பார்த்தார். “மருந்து நல்லா ஜில்லுனு இருக்கு. உங்களைத்தான் எடுத்து ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்.”

சிவப்பு முக்கோணம்

ராஸ் அல் கைமாவில் ஒரு ஆஸ்பத்திரி புதிதாக ஒரு மெஷின் வாங்கியிருந்தது. அன்று காலை எங்கள் சரக்கைப் போட்டு ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்தால் வருஷ ஆர்டர். வெளியேற்றப் போகிறவர்களின் பட்டியல் அந்த வாரம்தான் தயாராகிறது என்று ஆபீஸில் பேச்சு. உம்முல் குவைனைத் தாண்டியதும் மீட்டரில் சிவப்பு முக்கோணம் ஒன்று எரிந்தது. அதுவரை நான் பார்த்திராத விளக்கு. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி தவழ்ந்தது, பிறகு ஓரமாக நின்றே விட்டது. பட்டனை அழுத்தி அழுத்தி விரல் வலித்தது. இரண்டு பக்கமும் மணல். எனக்கு அழுகை வந்தது, அதைச் சொல்ல ஏன் கூச்சப்பட வேண்டும்? கவிதாவுக்கு ஃபோன் பண்ண எடுத்து, என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

எதிர்ப்பக்கம் போன ஒரு டாக்ஸி திரும்பி வந்து நின்றது. பெட்டியையும் கம்பளியையும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஏறினேன். ஆஸ்பத்திரி லேபுக்குள் நெஞ்சோடு அணைத்தபடி ஒரு புலியைச் சுமந்துகொண்டு நுழைந்தபோது, லேபின் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர் சிவபாலன் எழுந்தே நின்றுவிட்டார். சரக்கு ஜில்லென்றுதான் இருந்தது. மெஷினும் ஒழுங்காக ஓடியது. ரிசல்ட்டைச் சரிபார்த்துவிட்டு, நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றி அவர் கேட்டார்: “நீங்க கம்பளி விக்க வந்தனீங்களோ, மருந்து விக்க வந்தனீங்களோ?”

இழுத்துக்கொண்டது

பழுதான காரை ஏற்றிப்போகும் ரிகவரி வண்டி எதுவும் கிடைக்காமல், மத்தியானம் முபாரக்கோடு கார் நின்ற இடத்துக்குப் போனேன். சும்மா பட்டனை அழுத்தினேன். ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது! சிவப்பு முக்கோணமும் இல்லை. காலிப் பெட்டியைப் பின் சீட்டில் பழைய இடத்திலேயே வைத்து, கம்பளியை உதறிப் போர்த்தினேன். அதன் ஓரம் தானாகப் போய் சீட்டின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டது. விலக்கினேன், மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

அங்கே சல்லடை போல ஒரு சின்னத் திறப்பு. கைவைத்துப் பார்த்தால் காற்றை உள்ளே இழுக்கிறது. பெரிய பேட்டரி பின் சீட்டுக்கு அடியிலும் பின்னாலுமாக இருக்கிறது, காருக்குள் இருக்கும் ஏசிக் காற்றைக் குடித்துத்தான் அது சூடு ஆறுகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அதன் மூக்கில் கம்பளியைத் திணித்து, ஏசியையும் நிறுத்தியிருக்கிறேன். திறப்பு நிறைய ஆரஞ்சு நிறப் புலிப் பஞ்சு. நான் அதைக் கிள்ளிக் கிள்ளி எடுக்க, முபாரக் வெயிலையும் மறந்து ரோட்டோரத்தில் உட்கார்ந்து சிரித்தான். “உலகம் பூரா பேட்டரிக்குக் காத்து காட்டுறான். நீங்க மட்டும்தாண்ணே குளிருமேன்னு போத்திவிட்டிருக்கீங்க.”

பட்டியல்

மறுநாள் காலை கோபிநாத் சார் கூப்பிட்டார். கார் நின்றுபோன கதை எனக்கு முன்னால் அவர் அறைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. கவிதாவிடம் எதையும் சொல்லாமல்தான் கிளம்பியிருந்தேன். மகளின் ஸ்கூலில் டிசி வாங்குவதுவரை யோசித்துவிட்டேன். அவர் உட்காரச் சொன்னார், அது இன்னும் பயமாக இருந்தது. வருஷ ஆர்டர் வந்துவிட்டது என்றார். பட்டியலில் என் பெயர் இல்லை என்றார். எனக்குக் கண் நிறைந்து போய், தேங்க்ஸ் சார், தேங்க்ஸ் சார் என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன்.

எழுந்து கதவுவரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். “ஒரு நிமிஷம். டாக்ஸியில போயே இவ்வளவு பெரிய ஆர்டர் எடுக்க முடியுதுன்னா, உங்களுக்குக் கார் அலவன்ஸ் எதுக்கு?”

வேலையைக் காப்பாற்றுவதற்கென்றே வாங்கிய கார். வேலை பிழைத்தது என்னவோ அது ஓடாமல் நின்ற அந்த ஒரு நாளில்தான்.